பச்சைக் கிளப்பின் முதல் ஆட்டம்

கொச்சியில், கொச்சங்காடியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த பந்து மைதானம், வருஷத்தில் பாதி நாள் மைதானமே இல்லை. வெயில் காலம் முழுக்கக் கிடங்கு முதலாளி அங்கே சுக்கு காயப்போடுவார். கால் வைத்தால் காவல்காரன் கம்போடு வருவான். மழை மேகத்தைக் கண்டு சுக்கை அள்ளிய பிறகுதான் பந்து உருளும். முதல் மழைக்கு நடக்கும் ஆட்டத்தில் ஜெயிக்கும் கிளப்புக்கே அந்த வருஷம் மைதானம் சொந்தம். கோல் கம்பத்துக்கும் அவர்களுடைய நிறத்தையே அடிப்பார்கள். சுமைக்காரர்களின் சிவப்பு, கிடங்குக் குமாஸ்தாக்களின் நீலம் என்று அந்தக் கம்பம் பார்க்காத நிறமில்லை.

பிறகு ஐந்து வருஷம் மஞ்சள்தான். அது என் தகப்பனார், அத்தா, தொடங்கிய கிளப். அத்தா காய்ச்சலில் போய்ச் சேர்ந்த வருஷம் மஞ்சள் கிளப் தோற்றது. மைதானம் அரிசிக் கடைக்காரர்களின் வெள்ளைக் கிளப்புக்குப் போனது.

அடுத்த மழைக்கு முன்னால் என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, மிச்சமிருந்த பையன்களைக் கூட்டிப் புதுக் கிளப் தொடங்கினார். மஞ்சளுக்கு இனி ராசியில்லை, பச்சைதான் என்று முடிவாயிற்று. புதுச் சட்டைக்கு வழியில்லை. பழைய மஞ்சள் சட்டைகளை மூட்டை கட்டிக்கொண்டு வந்து அம்மா முன்னால் வைத்தார்.

"லாத்தா, நீலச் சாயத்துல முக்கித் தா. பச்சையாயிடும். இந்தத் தடவையும் தோத்தா பசங்க ஒருத்தனும் நிக்க மாட்டான்."

அத்தாவின் சட்டையும் அந்த மூட்டையில்தான் இருந்தது. அதை அம்மா ஒருமுறை உதறிப் பார்த்துவிட்டு மற்றதோடு சேர்த்து அண்டாவில் போட்டாள். சாயம் கலக்கிய குச்சியைப் பிடித்த பெருமையில் நான் இரண்டு நாள் தரையில் நடக்கவில்லை. எனக்கு அப்போது ஏழு வயது.

ஆட்டத்தன்று கிடங்குப் படியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அத்தாவின் பழைய சிநேகிதர்கள் ஓரமாக, வாயை இறுக மூடிக்கொண்டு நின்றார்கள். பச்சை அவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஆட்டம் பாதி போயிருக்கும், வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மாமாவின் முதுகிலிருந்து நீலம் ஒழுகிக் கால் வழியே இறங்கியது. கொஞ்ச நேரத்தில் பதினொரு பேரும் மஞ்சளாக நின்றார்கள். வெள்ளைக் கிளப்பார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. நடுவராக நின்ற பள்ளிக்கூட டிரில் சார் விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்தினார்.

"எடோ, நிங்ஙள் ஏது கிளப்பாடோ?" நீங்கள் எந்தக் கிளப் என்று மலையாளத்தில் கேட்டார்.

மாமா குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். பிறகு ஓரமாக நின்ற பெரியவர்களைப் பார்த்தார்.

"மஞ்ஞ, சாரே. மஞ்ஞக் கிளப்பு."

பெரியவர்கள் அதற்கே காத்திருந்தவர்கள்போலக் கூவினார்கள். ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்துச் சுழற்றினார். அதன் பிறகு எங்கள் ஆட்களுக்கு எங்கிருந்துதான் வேகம் வந்ததோ, ஒரு கோலில் ஜெயித்தார்கள். மைதானம் திரும்பக் கிடைத்தது.

மாமா சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்து அடுக்களை வாசலில் நின்றார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன்.

"லாத்தா, சாயத்துல உப்பு போடலையா? உப்பில்லாம துணியில நிக்காதுல்ல?"

"மறந்துபோச்சுடா" என்றாள் அம்மா, அடுப்பைப் பார்த்தபடி.

எனக்குப் பொறுக்கவில்லை. அம்மாவை யாரும் மறதிக்காரி என்று நினைத்துவிடக் கூடாதே.

"அம்மா மறக்கல மாமா! உப்பை அள்ளிக் கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாங்க. அப்புறம் திரும்ப ஜாடியிலயே போட்டாங்க. நான் பாத்தேன்" என்றேன்.

மாமா ஈரச் சட்டையோடு அப்படியே தரையில் உட்கார்ந்து, அம்மாவின் காலைத் தொட்டுக்கொண்டு விம்மினார். அம்மா அவர் தலையைத் துவட்டிக்கொண்டே அழுதாள். ஜெயித்துவிட்டு வந்த நாளில் இவர்கள் இருவரும் எதற்காக அழுகிறார்கள் என்று விளங்காமல், அம்மாவின் மானத்தைக் காப்பாற்றிய மிதப்பில் நான் நின்றுகொண்டிருந்தேன்.