தண்ணீரில் விட ஆறு வாரம்

எங்கள் ஊரில் வாத்து வளர்க்கிற ஒரே ஆள் கலைச்செல்வி. மரவள்ளி அரை ஏக்கர், கொஞ்சம் மிளகுக்கொடி, ஓடையோரம் ஒரு துண்டு நெல் வயல், இவ்வளவுதான் அவளுக்கும் அவள் புருஷன் சென்றாயனுக்கும். பக்கத்து வயல் என்னுடையது. நத்தை பெருத்துப் பயிரைத் தின்றதால், வாத்து விட்டுப் பார்க்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

போன வருஷம் அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் எட்டுக் குஞ்சு வாங்கி, அட்டைப்பெட்டியில் வைத்துப் பஸ்ஸில் மலையேற்றினாள். மூன்றாம் நாளே வயலில் விட்டார்கள். "மீன் குஞ்சுக்கு நீச்சல் சொல்லித் தரோணுமா?" என்றான் சென்றாயன். நானும் சிரித்தேன். அந்தப் பழமொழி மீனுக்குச் சொன்னது, வாத்துக்கு இல்லை என்று ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. தாய் வாத்து இல்லாத குஞ்சின் பிஞ்சு மயிரில் எண்ணெய்ப் பசை கிடையாது. தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். சில்லென்ற ஊற்றுத் தண்ணீர், மேலே பனிமூட்டம் வேறு. பொழுது சாய்வதற்குள் எட்டும் விறைத்துப்போயின.

"நானே கொன்னுபோட்டேனுங்கக்கா" என்றாள் என்னிடம்.

இந்த வருஷம் பத்து வாத்து முட்டை வாங்கி வந்து கோழிக்கு அடை வைத்தாள். கோழி முட்டைக்கு இருபத்தோரு நாள், வாத்துக்கு இருபத்தெட்டு. கோழி பாவம், நாள் தப்பியும் எழுந்திருக்காமல் கிடந்தது. ஒன்பது பொரித்தன. "இதும் செத்துச்சுன்னா இனி வாத்துப் பேச்சே எடுக்க மாட்டேனுங்கக்கா" என்றாள்.

அதன்பிறகு அவள் பண்ணிய அழிச்சாட்டியம் கொஞ்சநஞ்சமல்ல. குடிக்கத் தட்டில் தண்ணீர் வைத்து, நடுவே கூழாங்கற்களைப் பரப்பினாள். அலகு நனையலாம், உடம்பு நனையக்கூடாதாம். தின்ன வெந்த சாமைக் குருணையும் பொடியாக அரிந்த கீரையும். மூட்டம் விலகி வெயில் சுள்ளென்று விழுந்த பிறகுதான் வெளியே. அதுவும் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து அதற்குள். முதல் நாள் கால் மணி நேரம், பிறகு அரை மணி. பருந்துக்காக வானத்தையும் கீரிக்காக வேலியையும் பார்த்தபடி பக்கத்திலேயே காவல் இருப்பாள். சூடு கண்ட பூனை.

மூன்றாம் வாரம் சென்றாயன் பொறுமையிழந்தான். "வயலுக்கு உடு கண்ணு, ஏங்கிப் போயிருக்குதுங்க."

"றெக்கை மொளைச்சு எண்ணெய்ப் பசை ஊறட்டும். ஆறு வாரம் ஆவோணும்."

"யாரு சொன்னா?"

"மாட்டு டாக்டருகிட்ட போன்ல கேட்டேனுங்க."

அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மரவள்ளிக்குப் போனான். நல்லதாயிற்று.

ஆறு வாரம் முடிந்த மறுநாள், உச்சி வெயிலில் பஞ்சாரத்தைத் தூக்கினாள். ஒன்பதும் வரிசையாக வயலில் இறங்கின. பதறியது கோழிதான். தன் பிள்ளைகள் முழுகிச் சாகின்றன என்று வரப்பில் மேலும் கீழும் ஓடி ஊரைக் கூட்டியது. கலைச்செல்வியின் முகமும் அந்தக் கோழி மாதிரிதான் இருந்தது. பொய் சொல்வானேன், நானும் ஒன்பதையும் திரும்பத் திரும்ப எண்ணினேன்.

கொஞ்ச நேரம் பொறுத்து, குருணையைக் காட்டிக் கூப்பிட்டாள். கரையேறி உதறிக்கொண்டன. ஒவ்வொன்றாகத் தூக்கி, வயிற்று இறகை விலக்கி, விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். ஒன்பதாவதை இறக்கி விடாமல் மடியில் வைத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னாச்சு கண்ணு?" சென்றாயன் பயந்துபோய் ஓடி வந்தான்.

"உள்ள நனையலீங்க. காஞ்சே இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். வாத்து அவள் மடியிலிருந்து நழுவி மறுபடியும் தண்ணீருக்கே போனது. அவள் அதைப் பிடிக்கப் போகவில்லை.