இறுகிய வளையல்

பதினான்கு வயதில் நான் எட்டு வயதுப் பிள்ளையின் உயரம்தான். பழவேற்காடு ஏரியில் இறால் பிடிக்கிற குடும்பம். "குள்ளச்சி" என்று யார் கூப்பிட்டாலும் திரும்பமாட்டேன், அந்தத் திமிர் எனக்கு உண்டு. அம்மாவுக்குத்தான் தாங்காது. இவளை யார் கட்டுவான் என்று தினமும் புலம்புவாள்.

எழுபதுகளில் மெட்ராஸ் டாக்டர் ஒருவர் வளர்ச்சி ஊசி போட ஒப்புக்கொண்டார். வெளிநாட்டிலிருந்து கொஞ்சமாக வருகிற மருந்து, எங்களுக்கு இலவசம். வாரம் மூன்று ஊசி, கம்பவுண்டர் போடுவார். குளிரில் வைக்கச் சொன்னதால் குப்பிகள் இறால் பெட்டி ஐஸோடு கிடந்தன.

தலைவலி, கண் மங்கல், முட்டிவலி, கைகால் வீக்கம், எது வந்தாலும் உடனே கூட்டி வரச் சொல்லியிருந்தார் டாக்டர். சர்க்கரை ஏறலாம் என்று அதையும் அவ்வப்போது சோதித்தார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

மூன்றாம் மாதம் கை உப்பியது. ஆடித் திருவிழாவுக்குப் போட்ட கண்ணாடி வளையல் சதையில் பதிந்து கழலவே இல்லை.

"பாத்தியா, பொண்ணு வளர்றா! வளையலே பத்தல!" என்று என் கையைப் பிடித்துக் குப்பம் முழுக்கக் காட்டினாள் அம்மா.

எனக்கோ காலையில் எழுந்தால் மண்டை பிளந்தது. கரும்பலகையில் எழுத்து இரண்டிரண்டாகத் தெரிந்தது. சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவார்களே. ஓர் அங்குலம் வளர்ந்திருந்தேன், விடுவேனா? வாயே திறக்கவில்லை.

அடுத்த முறை போனபோது டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எத்தனை நாளா இப்படி?"

"அதுவா சார், புள்ள வளருது."

"இது வளர்ச்சி இல்லம்மா, வீக்கம். வளையலை ஏன் உடைக்கல?"

"இன்னா டாக்டரே, கன்னிப்பொண்ணு கைல வளையல ஒடைப்பாங்களா?"

அவர் வளையல்மேல் துணியைச் சுற்றி, இடுக்கியால் நொறுக்கினார். அம்மா மாரில் அடித்துக்கொண்டாள். "தாலியறுத்தவளுக்குப் பண்றத எம்பொண்ணுக்குப் பண்ணிட்டியே, நீ நல்லாருப்பியா?"

பிறகு என் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். இன்னும் கொஞ்சநாள் விட்டிருந்தால் பார்வை போயிருக்கும் என்றார். ஊசி அன்றோடு நின்றது. நானும் அவரைச் சபித்தேன். பொன்னேரி ஸ்டேஷன் வரும்வரை அழுதேன்.

தலைவலி சில வாரங்களில் போனது. உயரம் அவ்வளவுதான். கல்யாணமும் ஆயிற்று, அம்மா பயந்ததெல்லாம் வீண்.

பல வருடம் கழித்துப் பத்திரிகையில் படித்தேன். அந்தக் காலத்து மருந்தைச் செத்தவர்களின் மூளையடிச் சுரப்பியிலிருந்து எடுத்தார்களாம். வெளிநாட்டில் அதைப் போட்டுக்கொண்ட சிலருக்கு, வெகுகாலம் கழித்து மூளையைத் தின்று ஞாபகத்தையும் அழிக்கும் நோய் வந்ததாம். அந்த டாக்டருக்கே அப்போது தெரிந்திருக்காது, பாவம். எனக்கு இதுவரை வரவில்லை. இனி வராது என்று சொல்லத்தான் ஆளில்லை.

மளிகைக் கடைக்குப் போய், எதை வாங்க வந்தோம் என்று மறந்தால் மற்றவர்கள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குத் திரும்புவார்கள். நான் அது ஞாபகம் வரும்வரை அங்கேயே நிற்பேன்.