ரொட்டிக்குக் கழற்றிய பல்

என் மனைவிக்கு முதலில் கட்டிய பல்செட் சில வருஷத்திலேயே தேய்ந்து தட்டையாகிவிட்டது. ரொட்டியைத் தேத்தண்ணீரில் ஊறவைத்துத்தான் விழுங்குவாள். மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்ட சம்பலோடு மொறுமொறுவென்று ரொட்டி இருந்தால் அவளுக்கு வேறு எதுவும் வேண்டாம். ஊறிய ரொட்டியில் என்ன ருசி? ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஆள்தான் இளைத்துக்கொண்டே வந்தாள்.

போன வருஷம் வரக்காப்பொலை டவுனில் புதுப் பல் கட்டினோம். பல் செய்கிற மிஸ் சிங்களத்தில் விளக்கினார். பழையது வெறும் பிளாஸ்டிக். இதில் கண்ணாடித் தூள் மாதிரி நைசான பொடி கலந்திருக்கிறது, லேசில் தேயாது என்றார். எனக்குப் புரிந்தது. டயர் ஃபேக்டரியில் ரப்பரோடு கரித்தூள் கலப்பதுதான் என் வேலை. கரி சேர்ந்தால்தான் டயர் லேசில் தேயாது.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். அவள் பல்லைக் கழற்றித் தண்ணீரில் போட்டாள். ரொட்டியைத் தேத்தண்ணீரில் முக்கினாள்.

"என்ன புள்ள இது?"

"தேஞ்சிருமுங்க. கோயிலுக்குப் போறப்ப போட்டுக்கிறேன்."

"திங்கத்தானே பல்லு?"

"ஒங்களுக்கென்ன. மறுபடி பஸ் ஏறிப் போயி வாயப் பொளந்துக்கிட்டு நான்ல உக்காரணும்."

எனக்குப் பேசிப் புரியவைக்கத் தெரியாது. மறுநாள் வேலை முடிந்து வரும்போது ரெண்டு ரப்பர் துண்டு கொண்டுவந்தேன். ஒன்று கரி கலந்தது. மற்றது கலக்காதது. அவளைக் கூட்டிப்போய், எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பக்கத்தில் துணி துவைக்கிற கல்லில் ரெண்டையும் வைத்துத் தேய்த்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டார். "அண்ணே, கல்லுக்குப் பல்லு வெளக்கி விடுறீங்களா?"

நான் நிறுத்தவில்லை. கலக்காத துண்டு துருவல் துருவலாக உதிர்ந்தது. கறுப்புத் துண்டு அப்படியே இருந்தது. ரெண்டையும் அவள் கையில் கொடுத்தேன்.

"ஒங்க டயரும் எம் பல்லும் ஒண்ணாக்கும்?"

"பொடி வேற. வேல ஒண்ணுதான்."

அவள் பெருவிரலால் கறுப்புத் துண்டைத் தடவிப் பார்த்தாள்.

அன்றைக்குச் சாயந்தரம் சாப்பிடும்போது பல் அவள் வாயிலேயே இருந்தது. ரொட்டியைப் பிய்த்துச் சம்பலைத் தொட்டு வாயில் வைத்தாள். முதலில் ஒரு பக்கமாக மெல்ல மென்றாள். அப்புறம் ரெண்டு பக்கமும். மொறுமொறு என்று எனக்குக் கேட்டது. நான் மெல்லுவதை நிறுத்திவிட்டேன்.

"என்ன வாயவே பாக்குறீங்க? சாப்பிடுங்க."

"இன்னொண்ணு சுடவா?"

"ரெண்டா சுடுங்க. நல்லா மொறுகட்டும்."

நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன்.