ஹல்பேராவின் எடைமேடை

ஹல்பேராவை எங்கள் துறைமுகத்தில் ஒருத்தருக்கும் பிடிக்காது. எனக்கும்தான். இருபது வருஷமாக எடைமேடை அவள் கையில். கரையேறும் மீன் எதுவானாலும் அவள் தராசில் ஏறி, அதனதன் பெயரில் பதிவாக வேண்டும். ஐஸுக்குக் கழிக்கிற எடையில்கூட ஒரு கிலோ விட்டுத்தர மாட்டாள்.

அந்தக் கோடையில்தான் கானாங்கெளுத்தி வந்தது. அடேயப்பா, என்ன வரத்து! தெற்கே திரிந்த மீன், கடல் சூடேறவும் கூட்டம் கூட்டமாக எங்கள் ஐஸ்லாந்துக்கு ஏறி வந்துவிட்டது. படகுத்துறைக்குள்ளேயே மீன் துள்ளலில் தண்ணீர் கொதித்தது. பாதிரியார்கூடத் தூண்டிலோடு ஓடினார்! ஹெர்ரிங் மீன் நோய்கண்டு அருகிப்போனதால் என் ‘ஸ்வாலா’ படகை விற்றுவிடலாம் என்றிருந்தேன். இப்போது என் வலையில் பாதிக்கு மேல் கானாங்கெளுத்தி.

ஆனால் எங்கள் ஆட்களுக்கு அது கடலில் செத்தவனைத் தின்கிற மீன். அதைப் பிடித்தோம் என்று எழுதிக்கொள்ள வெட்கம். ஹெர்ரிங் என்று சொல்லி, மீனை அரைத்துத் தீவனமாக்கும் மாவு ஆலைக்குத் தள்ளிவிடுவார்கள். நானும் அப்படித்தான் ஹல்பேரா முன் போய் நின்றேன்.

"ஏன்யா தோர்கில்ஸ், முதுகுல வரிவரியா இருக்கே, இதுவா ஹெர்ரிங்?"

"எல்லாம் மாவாகப் போறதுதானே? ஒண்ணா எழுதித் தொலையேன்."

"பிரிச்சுக் கொண்டா."

"ஏழு டன்னு! உனக்கு மனசாட்சியே இல்லையா?"

"கை இருக்குல்ல? பிரி."

திட்டிக்கொண்டே பிரித்தேன். இவள் தொல்லை தாங்காமல் மற்ற படகெல்லாம், எதையும் ஹெர்ரிங் என்றே எழுதிக்கொள்ளும் பக்கத்துத் துறைமுகத்துக்குப் போய்விட்டது. அவ்வளவு தூரம் போக எனக்கு டீசலுக்கு வக்கில்லை. மூன்று கோடை இப்படியே பிரித்தேன்.

பிறகு அரசாங்கம் ஒரு முடிவெடுத்தது: கானாங்கெளுத்தி பிடித்ததாகப் பதிவுள்ள படகுக்கு மட்டுமே இனி அதைப் பிடிக்க உரிமை; பதிவான எடைக்கு ஏற்பப் பங்கு. எனக்கு வந்த கடிதத்தைப் பார்த்ததும் எடைமேடைக்கு ஓடினேன்.

"ஹல்பேரா! எனக்குப் பங்கு கிடைச்சிருச்சு! படகை விக்க வேண்டாம்!" அவளை அப்படியே தூக்கிச் சுற்றினேன்.

"விடுய்யா, மூச்சு முட்டுது!" சிரித்தவள் சட்டென்று அடங்கினாள். "என் தம்பி ஸ்டேன்தோருக்கு ஒரு கிலோகூட வரல. அக்கா தராசுக்கே வரமாட்டேன்னு பக்கத்து ஊருக்குப் போனவன்."

அவளைக் கீழே இறக்கிவிட்டேன். "காலையில என் படகுக்கு வரச்சொல்லு. ரெண்டு பேருக்கும் தாங்கும்."

"வருவான்," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆனா மீனை இங்கதான் எறக்கணும். பிரிச்சு."