சகாயமேரி சொல்லாத இடம்

சகாயமேரியின் அடக்கத்துக்கு வந்தவர்கள் பதினோரு பேர். அதிலும் இரண்டு பேர் பக்கத்துக் கல்லறைக்கு மெழுகுவத்தி ஏற்ற வந்தவர்கள். அவள் குடியிருந்த மேனாம்பேட்டில் அவளுக்கு நல்ல பெயர் கிடையாது. 'மூஞ்சிக்கு நேரா பேசுற பொம்பள' என்பார்கள். அதை யாரும் பாராட்டாகச் சொன்னதில்லை.

விலங்கியல் படித்துவிட்டு 1988இல் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தாள். இரண்டு பக்கமும் லேத் பட்டறைகள். நடுவில் அந்த ஒரு கட்டடம் மட்டும் கடல்போல நாறும். மன்னார் வளைகுடாவின் கடற்பஞ்சுகளை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு, வகை பிரித்து, வெளிநாட்டு மருந்துக் கம்பெனி ஒன்றுக்கு அனுப்புவார்கள். அந்தக் கம்பெனி அவற்றின் சாற்றில் புற்றுநோய்க்கு மருந்து தேடியது.

வருஷத்துக்கு ஒருமுறை அவளும் கீழக்கரைக்குப் போய்ப் படகில் உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளும் ஒரு துண்டுக் காகிதம். அதில் பென்சிலால் நான்கு வரி: இடம், ஆழம், தேதி, எடுத்தவர் பெயர். பென்சில் எழுத்து ஸ்பிரிட்டில் கரையாது. நான்காவது வரியை எழுதச் சொல்லி அவளிடம் யாரும் கேட்கவில்லை. பெரும்பாலும் அந்த வரியில் சங்கு குளிக்கும் சாதுல்லாவின் பெயர்தான் இருக்கும்.

1993இல் மேனேஜர் ஜம்புலிங்கம் பாட்டில்களைப் பார்த்துவிட்டுக் கத்தினார். "இன்னாம்மா இது, ஜாதகமா? ஊர் பேரு, ஆள் பேரு எல்லாம் எழுதிவுட்டா அந்த வெளிநாட்டுக்காரன் நேரா அங்கயே போய்டுவான். அப்புறம் நாம இன்னாத்துக்கு? நம்பர் மட்டும் போடு."

"ஊர் பேரு இல்லன்னா இது நம்ம கடல்னு நாளைக்கு யார் சார் சொல்றது?"

"கடல் இன்னா உங்க அப்பன் ஊட்டுதா?"

ஒரு நாட்டுக் கடலின் உயிர்கள் அந்த நாட்டுக்கே உரியவை, எடுக்கிறவன் கேட்டு எடுக்கவேண்டும், பலனில் பங்கு தரவேண்டும் என்று உலக நாடுகள் ஒப்பந்தம் போட்ட செய்தியை அவள் கத்தரித்துச் சுவரில் ஒட்டியிருந்தாள். அதை ஜம்புலிங்கம் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

பழைய காகிதங்களை எடுத்துவிட்டு, பேக்கிங் பார்க்கும் வரதன் பால்பென்னில் நம்பர் எழுதிப் போட்டான். "அது கரையும்" என்றாள் சகாயமேரி. "வாய மூடிகினு வேலையப் பாரு" என்றார் ஜம்புலிங்கம். அவள் மூடிக்கொண்டாள். எடுத்துப் போட்ட காகிதங்களை மட்டும் காயவைத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

பாட்டில்கள் வெளிநாடு போய்ச் சேர்ந்தபோது ஸ்பிரிட் எல்லாம் நீலமாக இருந்ததாம். ஒரு பாட்டிலிலும் நம்பர் இல்லை. ஆனால் அதில் ஒரு பஞ்சின் சாறு புற்றுநோய் செல்களைக் கொன்றது. அதில் ஒரு துண்டைத் திருப்பி அனுப்பி, இதே வகையில் நானூறு கிலோ வேண்டும் என்று கேட்டார்கள்.

ஸ்பிரிட்டில் ஊறிய பஞ்சு எல்லாமே ஒரே வெளுப்பு. கடலுக்குள் கண்டவனுக்கே அடையாளம் தெரியாது. மைக்ராஸ்கோப்பில் அதன் முட்களைப் பார்த்துச் சொல்லவேண்டும். சகாயமேரி குனிந்து பார்த்த நொடியே தெரிந்துவிட்டது. சாதுல்லா ஒன்பது பாகம், அதாவது ஐம்பதடிக்கு மேல், ஆழத்திலிருந்து எடுத்தது. கடலடியில் ஒரு பாறைத்திட்டு, இரண்டு படகு அகலம்கூட இராது. "வேற எங்கயும் இதை நான் கண்டதில்ல" என்று அவர் படகிலேயே சொல்லியிருந்தார். நானூறு கிலோ எடுத்தால் அங்கே மிச்சம் இராது.

"எங்க கீது?" என்றார் ஜம்புலிங்கம்.

"இடத்தையும் எடுத்தவர் பேரையும் அவங்களுக்குக் கடுதாசில எழுதுங்க. பங்குக்கு ஒப்பந்தம் போடுங்க. அடியை விட்டுட்டு நுனியைத்தான் வெட்டணும், அது திரும்ப வளரும். அப்ப சொல்றேன்."

"நீ யாரு எனக்குச் சட்டம் பேச? தெரியுமா, தெரியாதா?"

"தெரியல."

அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். மறுநாள் அவளுடைய ஸ்டூலைக் காணோம். வேலையும் தரவில்லை. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்தரை வரை மேசை ஓரத்தில் நின்றாள். பதினோரு மாதம் அப்படி நின்றாள். கால் நரம்பு முடிச்சுப் போட்டுக்கொண்டு புடைத்தது. ராஜினாமாக் கடிதத்தை டைப் அடித்தே வைத்திருந்தார்கள். அவள் கையெழுத்துப் போடவில்லை. வரதன் வேண்டுமென்றே அவள் காலடியில் தண்ணீரை ஊற்றித் தரை கழுவுவான்.

1995இல் அந்தக் கம்பெனி வேறு நாட்டுக் கடலுக்குப் போய்விட்டது. ஆய்வுக்கூடத்தை மூடினார்கள்.

ஆறு மாதம் கழித்து வரதன் அம்பத்தூர் ஸ்டேஷனில் அவளைப் பார்த்துவிட்டான். அண்ணனூர் போகிற வண்டி வந்தும் அவன் ஏறவில்லை.

"ஏழு பேர் சோத்துல மண்ணப் போட்ட. நல்லா கீறியா? நீ ஒண்டிக்கட்ட, உனக்கு இன்னா."

"அந்தக் கடல் காலியாப் போயிருக்கும் வரதா."

"கடலுக்கு நீ வாட்ச்மேனா? எடுத்தவன் பேர எழுதுற, எழுதுற. அவனாண்ட கேட்டியா? வேணுமா, வாணாமான்னு?"

அவன் துப்பிவிட்டுப் போனான்.

அந்த வாரமே நடந்ததை எல்லாம் சாதுல்லாவுக்கு இன்லேண்டில் எழுதினாள். கார்டில் பதில் வந்தது.

'தங்கச்சிக்கு. திட்டு இருக்கிறது. போன வாரமும் பார்த்தேன். நீங்கள் சொல்லியிருந்தால் எங்கள் ஆட்களுக்கு ஒரு வருஷக் கூலி கிடைத்திருக்கும், திட்டு போயிருக்கும். எது வேண்டும் என்று உங்கள் மேனேஜர் எங்களிடம் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை.'

அடுத்த மாதம் அவள் கீழக்கரைக்குப் போனாள். சாதுல்லா உட்காரச் சொல்லவில்லை. அவளும் மன்னிப்புக் கேட்கவில்லை. அது அவளுக்கு வராது. காயவைத்த காகிதங்களில் அந்தத் திட்டின் இடம் எழுதியதைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

"இது ஒண்ணுதான் இருக்கு. யாராவது வந்தா சொல்றதா வேணாமான்னு இனி நீங்க பாத்துக்குங்க."

அவர் எழுத்துக்கூட்டிக் கடைசி வரிவரை படித்தார். "நம்ம பேரையும் போட்டிருக்கீங்க."

"எடுத்தது நீங்கதானே" என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள்.