இத்தாலிக்காரருக்கு ஏற்றிய மெழுகுதிரி

உலகப் போர் முடிந்து பத்து வருடம்கூட ஆகவில்லை. மாம்புரியிலிருந்து கொழும்புக்கு மீன் லொறி ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்போது இத்தாலியக் கார்ப் பந்தயக்காரர் ஒருவரின் ஓட்டங்களை என் நாட்குறிப்பில் எழுதி வந்தேன். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. மதுரங்குளி பேக்கரிக் கடையில் பாண் சுற்றித் தரும் பழைய பேப்பரில்தான் அவரைப் பற்றிய செய்தி கிடைக்கும். கராஜில் வேலை பழகியது, மோட்டார் சைக்கிள் ஓட்டியது, காருக்கு மாறி இரண்டு வருடம் தொடர்ந்து வென்றது, கால் முறிந்து திரும்பி வந்தது, எல்லாம் இடது பக்கத்தில் திகதியோடு இருக்கும்.

என் மனைவிக்கு வாசிக்கத் தெரியாது. நான்தான் வாசித்துச் சொல்வேன். அவரும் கத்தோலிக்கர், அவரும் ஸ்டியரிங் பிடிப்பவர் என்று ஞாயிறுதோறும் எனக்கொன்று, அவருக்கொன்றாக இரண்டு மெழுகுதிரி ஏற்றுவாள். இந்த வருடத்தோடு அவர் ஓட்டத்தை விடப்போகிறார் என்று ஒருநாள் வாசித்தேன்.

"அந்த மனுசன் விட்டா நீங்களும் விடோணும்," என்றாள்.

ஐஸ் உருகுமுன் சந்தைக்குப் போய்ச்சேர நான் என்ன வேகத்தில் ஓடுவேன் என்று அவளுக்குத் தெரியும். ஓம் என்றேன்.

மூன்று கிழமைக்குள் அவர் பந்தயத்தில் இறந்த செய்தி பாணோடு வந்தது. அவளிடம் சொன்னால் லொறியை விட வேண்டும். எனக்குக் கடல் தொழில் தெரியாது. கடையில் உட்கார்ந்திருக்கவும் முடியாது. செய்தியில் இருந்த அவருடைய படத்தை வெட்டி நாட்குறிப்புக்குள் வைத்துவிட்டு, வலது பக்கத்தில் நானே ஓட்டங்களைக் கற்பித்து எழுதி, அவர் உயிரோடிருப்பதுபோல் அவளுக்கு வாசித்தேன். ஒரு கிழமை இரண்டாமிடம். அடுத்த கிழமை டயர் வெடித்து நின்றார். சொன்னதை மாற்றிச் சொல்லிவிடாதபடி சுற்றுகளையும் குறித்தேன். ஞாயிறுகளில் அவள் பக்கத்தில் முழந்தாளிட்டு, அந்த இரண்டாவது மெழுகுதிரி எரிந்து முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து வெளியே போகவும் முடியாது.

நவம்பரில் மரித்தவர்களின் நாளுக்கு, குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களை எழுதிச் சுவாமியாரிடம் கொடுப்பது எங்கள் வழக்கம். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். அவளுடைய அப்பா, என் அம்மா, எங்கள் முதல் பிள்ளை.

"அந்த இத்தாலிக்காரரையும் போடுங்க."

பேனை நின்றது. அவள் நாட்குறிப்பைத் திறந்து படத்தை எடுத்து வைத்தாள். மரண அறிவித்தல்களில் வருவது போல அதைச் சுற்றிக் கறுப்புக் கரை இருந்தது. அதை அறிய எழுத்துத் தேவையில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

"எப்ப இருந்து தெரியும்?"

"டயர் வெடிச்ச கதை சொன்னீங்களே, அந்தக் கிழமையே."

"பிறகு ஏன் ரெண்டு மெழுகுதிரி?"

"ரெண்டும் உங்களுக்குத்தான்."

லொறியைப் பற்றி அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். பெயரை எழுதினேன்.

மறுநாள் காலை பட்டியலைக் கோயிலில் கொடுத்துவிட்டு, பெட்டிகளை ஏற்றி முடியும்வரை லொறிக்குள் இருந்தேன். வலது பக்கத்தில் எழுத இனி ஒன்றுமில்லை. ஏற்றியவர்கள் புறப்படச் சொல்லிப் பின்பலகையில் இரண்டு தரம் தட்டினார்கள். லொறியை எடுத்தேன்.