படித்ததும் அழிந்துவிடும்

என் அக்கா வீட்டில் கைத்தொலைபேசிக்குப் பூட்டுப் போடும் வழக்கம் கிடையாது. சிங்கப்பூரில், புக்கிட் பாத்தோக் வீட்டின் சாப்பாட்டு மேசையில் அக்கா, அத்தான் இருவர் போனும் திறந்தே கிடக்கும். எதற்கு மணி அடித்தாலும் பக்கத்தில் இருப்பவர் எடுத்துப் பேசுவார். அக்காவுக்கு வரும் செய்திகளை அத்தான் சத்தமாக வாசித்துக் காட்டுவார். நமக்குள் ஒளிக்க என்ன இருக்கிறது என்பார். நல்ல கொள்கைதான், ஒளிக்க ஒன்றும் இல்லாதவரை.

அக்கா மகள் வீட்டில் கேட்காமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டு பொங்கோலுக்குக் குடிபோனாள். இனி அவளோடு பேச்சு வார்த்தையே கூடாது என்று அத்தான் சொல்லிவிட்டார். அக்கா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எனக்கு அக்காமேல் அப்படியொரு கோபம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் வழக்கம்போல் தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது, அக்கா என் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

“உன் ஆபீஸ்ல ஏதோ செய்றீங்களே, யாருக்கும் தெரியாம பேசிக்கிறது. அதை எனக்குப் போட்டுக் குடுக்கிறியா?”

நான் வேலை செய்வது அப்படியொரு செயலியில்தான். செய்திகளை முடக்கும் நாடுகளில் இருப்பவர்களுக்காகச் செய்தது. யாராவது போனைப் பிடுங்கிப் பார்த்தாலும் ஒன்றும் அகப்படக் கூடாது. திறந்த ஒரு நிமிடத்தில் செய்தி தானாக அழிந்துவிடும். நிரல் எழுதுவது மற்றவர்கள். எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் என் பொறுப்பு. பாதுகாப்பு என்று பெயர் வைத்தாலே மனிதர்களை மிரட்ட வேண்டும் என்று நினைக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் எங்கள் செயலி பார்ப்பதற்கு வானிலை சொல்லும் செயலி மாதிரியே இருக்கும். சூரியனை அழுத்திப் பிடித்தால்தான் உள்ளே போக முடியும். பதில் எழுத நேரமில்லாதவர்களுக்காகக் கீழே ‘சரி’ என்று காட்டும் கட்டைவிரல் படம் ஒன்றைப் பெரிதாக வைத்திருந்தேன். ஒரே தட்டு, பதில் போய்விடும்.

அக்காவுக்கும் மகளுக்கும் அதைப் போட்டுக்கொடுத்தேன். அத்தானே ஓரிரு முறை அதைத் திறந்து மழை வருமா என்று பார்த்தாராம். அதைச் சொல்லி அக்கா சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

சில மாதங்கள் நன்றாகவே போயின. சமையல், காய்ச்சல், வேலை என்று சின்னச் சின்னச் செய்திகள். ஒருநாள் காலை மகளிடமிருந்து நீளமாக ஒன்று வந்தது. அக்கா கண்ணாடியைத் தேடி எடுத்து இரண்டு வரி படிப்பதற்குள் அத்தான் கூடத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். அவள் போனைக் கவிழ்த்துவிட்டு அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். திரும்பி வந்து பார்த்தால் செய்தி இல்லை. கட்டைவிரல் மட்டும் இருந்தது.

பிள்ளை ஆசையாக எழுதியிருக்கிறாள், பதில் போடாவிட்டால் வருத்தப்படுவாளே என்று அதைத் தட்டிவிட்டாள். அக்கா எல்லாவற்றுக்கும் அதைத்தான் போடுவாள். குடும்பக் குழுவில் வந்த ஒரு துக்கச் செய்திக்குக்கூடப் போட்டு அத்தானிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

அதன்பிறகு மகளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அக்கா அனுப்பியதையும் அவள் திறக்கவில்லை. அடுத்த முறை சந்தையில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அந்த மெசேஜைத் திருப்பி எடுத்துக் குடு லா.”

முடியாது என்றேன்.

“உன்னாலயுமா?”

யாராலும் முடியாது, செய்தவர்களாலும் முடியாது என்பதுதான் நாங்கள் ஊருக்கெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வது.

அன்று மாலையே பொங்கோலுக்குப் போனேன். அக்கா மகள் கதவைத் திறந்தாள். உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள், அம்மாவைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. என்ன எழுதினாய் என்று நானே கேட்டேன்.

“கல்யாணமாகி இத்தனை நாளா என் வீட்டுக்கு வராததுகூடப் பரவால்ல, இன்னும் அப்பாவுக்குப் பயந்து ஒளிஞ்சுதான் என்கிட்ட பேசணுமான்னு எழுதினேன் சித்தி. கடைசியில, பேசாம நான் செத்துட்டேன்னு நெனச்சுக்கிறீங்களான்னு கேட்டேன்.” “அம்மா கட்டைவிரல் போட்டாங்க.”

நடந்ததைச் சொன்னேன். அம்மா இரண்டு வரிக்குமேல் படிக்கவே இல்லை என்றேன். “படிக்கவே இல்லையா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு வெகுநேரம் அழுதாள்.

அலுவலகத்தில் நான் போட்ட சண்டை தனிக்கதை. செய்தி கூடுதல் நேரம் இருந்தால் ஆபத்தும் கூடும் என்றார்கள். அவர்கள் சொன்னதும் உண்மைதான். கடைசியில், படித்து முடித்தேன் என்று சொன்ன பிறகே அழியும்படி இன்னொரு வழியையும் வைக்கச் சம்மதித்தார்கள்.

அடுத்த ஞாயிறு, அத்தானிடம் சந்தைக்கு என்று சொல்லி அக்காவை ஃபேரர் பார்க்கில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனேன். மகள் முன்னாலேயே வந்து காத்திருந்தாள். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தோசை வந்து ஆறிப்போயிற்று. திடீரென்று அக்கா அவளிடம் கேட்டாள்.

“அன்னைக்கு நீளமா எழுதினியே, அதுல என்ன கேட்டே?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“ஒண்ணுமில்லம்மா. நல்லா இருக்கீங்களா, வேளாவேளைக்குச் சாப்பிடுறீங்களான்னு கேட்டிருந்தேன்.”

அக்காவின் முகம் அப்படியே தெளிந்துவிட்டது.

“அப்ப நான் சரியாத்தான் பதில் போட்டிருக்கேன்,” என்றாள்.